கோ. நடேசையரை ஒதுக்கிய வரலாறு

மலையகத்தின் அரசியல் விழிப்பு 1939ஆம் ஆண்டில், இலங்கை இந்தியன் காங்கிரசின் தோற்றத்தோடு தொடங்கிற்று என்று எழுதுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அதற்கு முந்திய இரண்டு தசாப்தங்களுக்கு ஓரிரு வரிகளே ஒதுக்கப்படுகின்றன. கோதண்டராம நடேசையர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுட் புகுந்தார் என்ற கதை அவ்வரிகளில் தவறாது இடம்பெறும். அவர் செய்த வேலை இடம்பெறாது.

அவ்வேலை யாது? தஞ்சையிலிருந்து வந்த அவர் 1921இல் 'தேசநேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1925இல் சட்ட நிரூபண சபைக்குத் தெரிவானார். ஏ. ஈ. குணசிங்காவுடன் தொழிற்சங்கப் பணியாற்றி, அவர் இந்தியத் தொழிலாளருக்கெதிராகத் திரும்பியபோது பிரிந்தார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். 1936 முதல் 1947 வரை அற்றன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் அமர்ந்திருந்தார். உலகப் பொருளாதார மந்தத்தின்போது கூலி குறைக்கப்பட்ட வேளையில், துரைமாரையும் கங்காணிமாரையும் ஒருங்கே எதிர்த்து நிற்பது எளிதன்று. லயத்துக்குட் செல்லும் அந்நியர் மீது அத்துமீறல் வழக்குப் போடக்கூடிய அக்காலத்தில், சபை அங்கத்துவமே அவருடைய சங்கத்துக்குக் கவசமாயிற்று. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடையே அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டிசைத்துப் பிரசாரஞ் செய்தார். இது பற்றி நம் இலக்கிய ஆய்வாளரும் அதிகம் பேசுவதில்லை.

அவர் தனிமனிதராகவே இயங்கினார், காங்கிரஸ் வந்ததும் அவரது சம்மேளனம் தேய்ந்தது, 1947இல் அவரும் தோற்றார் என்பர். உண்மையே. சங்கத்தைத் தம்மைச் சுற்றியே கட்டியது அவரது பெருங்குறை. ஆயினும் காங்கிரஸ் வந்தபோது சங்கமென்றால் என்ன, வாக்கென்றால் என்ன என்பதை அறிந்த தொழிலாளர் அங்கிருந்தனர். அவர்கள் திடீரென முளைத்தவர்களா? கட்சி வரலாறு எழுதுவோருக்குத் தம் கட்சியே ஆதியாக இருக்க வேண்டும். தமிழர் அரசியல் எழுதுவோருக்குப் பொன்னம்பலம் சகோதரர்களுக்குப் பின் ஜி. ஜி. பொன்னம்பலம் வரவேண்டும். அற்றன் பிரதிநிதிக்கு இரண்டிலும் இடமில்லை.

இது வெறும் பெயர்ப் பிரச்சினையன்று. இம்மக்கள் இந்நாட்டிற் பற்றில்லாதவர், வந்து போகிறவர் என்ற வாதமே 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களாற் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறிப்பதற்குத் துணைநின்றது. 1952 முதல் 1977 வரை அவர்களின் தலைவரெவரும் தேர்தல் மூலம் பாராளுமன்றஞ் செல்ல இயலவில்லை. 1939க்கு முந்திய அரசியலை அழித்தெழுதுவோர், தாம் அறியாமலே அவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கின்றனர்.

1988இல் நடேசையர் பற்றி நூலெழுதியவர் தேயிலைத் தொழிற்றுறையிற் பணியாற்றிய சாரல்நாடன். பல்கலைக்கழக வரலாற்றுத் துறையினர் எவருமல்லர். அரசாங்க சபையின் நடவடிக்கைப் பதிவுகள் அச்சில் உள்ளன. அற்றன் அங்கத்தவர் பதினொரு ஆண்டுகள் அங்கு கேட்ட கேள்விகளைத் தேதிவாரியாகத் தொகுப்பதற்கு ஒரு விசேட பட்ட மாணவரின் ஓராண்டு உழைப்புப் போதும். அத்தலைப்பை வழங்க நம் துறைகள் ஏன் தயங்குகின்றன?