குற்றாலத்துக்கு எதுக்குய்யா ஃபுல் ஃப்ரேம்?

சாரல் ஆரம்பிச்சதும் எனக்கு ரெண்டு விதமா போன் வரும். ஒண்ணு, "அருவியில தண்ணி எப்படி விழுது?" தென்காசியில பொறந்தவன் எந்த ஊர்ல வேலை பார்த்தாலும் இதுக்குப் பதில் சொல்லியே ஆகணும், விதி :) இன்னொண்ணு, "குற்றாலம் போனோம், படம் எல்லாம் சொதப்பல். கேமராவை மாத்தலாம்னு இருக்கேன், எது வாங்கலாம்?"

இந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்டாலே எனக்குச் சுர்ருன்னு ஏறுது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

நேரா விஷயத்துக்கு வர்றேன். குற்றாலத்துல படத்தைக் கெடுக்கிறது தண்ணி, ஈரம், ஆடுற கை, தப்பான செட்டிங். புது கேமரா வாங்கினதும் இந்த நாலும் தானா ஓடிப் போயிடாது. தப்பு எங்கன்னு பார்க்காம கேமராவை மாத்துறது, எழுதின ப்ரோகிராம் ஓடலைன்னு லேப்டாப்பை மாத்துற மாதிரி. ஆபீஸ்ல எவனாவது அப்படிச் செஞ்சா டீக்கடையில வச்சு ஒரு மாசம் ஓட்டுவோம். ஆனா ஓட்டுற அதே ஆளுங்கதான் கேமரான்னு வந்ததும் ஒன்றரை லட்சத்தை யோசிக்காம இ.எம்.ஐ.ல போடுறாங்க.

என் சித்தி பையன் கதையைக் கேளுங்க. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகுது. அவங்க அக்கா கல்யாணக் கடன் இன்னும் பாதி அடையலை. பழைய டிஎஸ்எல்ஆர் ஒண்ணு, கூடவே வந்த 18-55 லென்ஸ், இதான் அவன் சொத்து. ஐந்தருவியில படம் எடுத்துட்டு வந்து ஒரு கடையில காட்டியிருக்கான். "தம்பி, இந்த கேமராவுக்கு இவ்வளவுதான் வரும். ஃபுல் ஃப்ரேம் போயிடுங்க, மாசம் இவ்வளவுதான் கட்டணும்"னு சொல்லியிருக்காங்க. பய கிட்டத்தட்ட கையெழுத்தே போட்டுட்டான்.

"அண்ணே, கேமரா டப்பாண்ணே. வித்துரப் போறேன்."

"ஏல, விக்கிறது இருக்கட்டும். முதல்ல அந்தப் படத்தை அப்படியே மெயில்ல அனுப்பு. வாட்ஸப்ல போடாத."

ஏன் மெயில்? கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எக்ஸிஃப்னு ஒரு குறிப்பு எழுதி வைக்கும். ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர்ல இருந்தது, எல்லாம் அதுல இருக்கும். வாட்ஸப்ல சாதாரணமா படமா அனுப்பினா அது போயிடும். நம்ம பாஷையில சொன்னா எக்ஸிஃப்தான் லாக் ஃபைல். லாக் பார்க்காம பிழை திருத்துறவனை நாம என்ன சொல்லுவோம்?

அவன் படத்துல இருந்தது இதுதான்: 1/4 நொடி, எஃப்/22, ஐஎஸ்ஓ 100, 55 மி.மீ. ட்ரைபாட் இல்லை, கையில பிடிச்சு எடுத்தது.

தண்ணி பட்டு மாதிரி வழியணும்னா ஷட்டர் மெதுவா இருக்கணும்னு யாரோ சொல்லியிருக்காங்க. அது சரிதான். அதுக்காக அப்பர்ச்சரை எஃப்/22 வரைக்கும் மூடியிருக்கான். அங்கதான் ரெண்டு பிரச்சினை. ஒண்ணு, அவன் கேமரா சென்சாருக்கு 55 மி.மீ.ங்கிறது ஃபுல் ஃப்ரேம் கணக்குல 82 மி.மீ. மாதிரி. கையில பிடிச்சா சுமார் 1/80 நொடி வேணும்ங்கிறது பழைய கணக்கு. லென்ஸ்ல ஆட்டம் தாங்குற வசதி இருந்தாக்கூட 1/4 நொடி ரொம்ப அதிகம். ரெண்டு, ஓட்டை ரொம்பச் சின்னதானா ஒளி விளிம்புல வளைஞ்சு சிதறும். டிஃப்ராக்‌ஷன்னு பன்னெண்டாம் வகுப்பு இயற்பியல்ல படிச்சோமே, அதேதான். எந்த லென்ஸா இருந்தாலும் எஃப்/22ல படம் மொழுக்குன்னுதான் இருக்கும். ஒன்றரை லட்ச ரூபாய் கேமராவும் இயற்பியல் விதிக்கு விலக்கு வாங்கிட்டு வராது.

மறுநாள் விடிகாலை ட்ரைபாட் ஒண்ணு இரவல் வாங்கிட்டுப் போகச் சொன்னேன். எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ரெண்டு நொடி டைமர். 1/30 நொடி வந்தது. அது மேல 3 ஸ்டாப் என்.டி. ஃபில்டர், அதாவது கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு கண்ணாடி, போட்டா 1/4 நொடி. அதே கேமரா, அதே லென்ஸ், அதே அருவி. பாறையில ஒட்டியிருக்குற பாசி வரைக்கும் தெரியுது. கடைக்குப் போற எண்ணத்தையே விட்டுட்டான்.

இப்ப எனக்கு அடிக்கடி வர்ற மத்த புகார்களையும் வரிசையாப் பார்ப்போம். எதுக்காவது புது பாடி தேவையான்னு நீங்களே சொல்லுங்க.

"தண்ணி வெள்ளையா வரலை, அழுக்கா சாம்பலா வருது." கேமராவோட மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பல்னு நினைச்சுக்கும். பேரருவியில சாரல் நேரத்துல படம் முழுக்க வெள்ளைத் தண்ணி. அதையும் சாம்பலாக்கிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ப்ளஸ்ல ஒரு ஸ்டாப் வரைக்கும் ஏத்துங்க. இதுக்கு நேர் மாறு, தூரத்துல நின்னு கறுத்த பாறைக்கு நடுவுல ஒரு கீத்தா அருவி தெரியுற படம். அதுல தண்ணி வெளிறிப்போய் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். அங்க மைனஸ். ஹிஸ்டோகிராம் வலது ஓரத்துல முட்டாம பார்த்துக்கோங்க. செலவு: பூஜ்யம்.

"ஃபோகஸ் ஓடிக்கிட்டே இருக்கு, லென்ஸ் போச்சு போல." போகலை சாமி. திவலைக்குள்ள பிடிச்சுக்க ஒரு கோடு இல்லாம அது தேடுது. பக்கத்துப் பாறை விளிம்புல ஃபோகஸ் பண்ணி மேனுவலுக்கு மாத்திடுங்க.

"வெளியில வந்ததும் லென்ஸ் உள்ளுக்குள்ள மூடிக்குது." ஏசி கார்ல குளுகுளுன்னு வந்த கண்ணாடியை ஈரக்காத்துல நீட்டினா வேர்க்கத்தான் செய்யும். காரை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி ஜிப் கவர்ல போட்டு மூடுங்க. ஒரு அரை மணி நேரம் கழிச்சு எடுங்க.

"எல்லாப் படத்துலயும் புள்ளி." எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துலயா? அப்ப அது சென்சார் மேல தூசி. எஃப்/22ல பளிச்சுனு தெரியும், எஃப்/5.6ல காணாமப் போகும். பெருசா மங்கலா, படத்துக்குப் படம் இடம் மாறினா அது முன் கண்ணாடியில தண்ணித்துளி. துடைங்க. ஈரிழைத் துண்டால இல்லைய்யா, அது உங்க தலைக்கு! லென்ஸுக்கு மைக்ரோஃபைபர் துணி, ஒண்ணு நனைஞ்சா அடுத்ததுன்னு மூணு வச்சுக்கோங்க.

அடுத்து, கடையில சொல்ற பெரிய மந்திரம்: "வெதர் சீல்டு". அருவிக்குப் போறவன் காதுல தேன் மாதிரி விழும். இதுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. பல கம்பெனிங்க ஐபி எண்ணே தர்றதில்லை. 2022ல வந்த ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1க்கு ஐபி53னு எண் இருக்கு. அதுக்கும் அர்த்தம் மேலேயும் சாய்வாவும் தெறிக்கிற தண்ணியைத் தாங்கும்னுதான், அருவிக்கு அடியில குளிக்க வைக்கலாம்னு இல்லை. இன்னொரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டாங்க. பாடி மட்டும் சீல் பண்ணினதா இருந்து, லென்ஸோட பின்பக்கம் ரப்பர் வளையம் இல்லைன்னா, ரெண்டும் சேருற இடத்து வழியாவே தண்ணி உள்ள போகும். கேமராவோட விலை குறைஞ்ச லென்ஸ்கள்ல பெரும்பாலும் அந்த வளையம் இருக்காது. தண்ணி பட்டுக் கெட்டதுன்னா வாரண்டியில கை விரிச்சிடுவாங்க. ஹோட்டல்ல சும்மா தர்ற ஷவர் கேப்பும் ஒரு குடையும் இதைவிட நேர்மையானது.

நம்ம ஊர்ல கேமராவுக்கு உண்மையான எதிரி பூஞ்சைதான். ஆரியங்காவு கணவாய் வழியா தென்மேற்குப் பருவக்காத்து நேரா நம்ம வீட்டுக்குள்ள வருது. குளு குளுன்னு இருக்கும், சரி. ஆனா ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல நாள் கணக்குல நின்னா லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை பிடிக்கும். விட்டா கண்ணாடி மேல இருக்குற பூச்சையே அரிச்சிடும். அப்புறம் துடைச்சாலும் தழும்பு போகாது. பீரோவுக்குள்ள தோல் பையில பத்திரமா வச்சிருக்கேன்னு சொல்றாங்க பாருங்க, அதான் பூஞ்சைக்குப் போடுற பந்தி! காத்துப் புகாத சமையலறை டப்பா ஒண்ணு, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர். மொத்தமே சில நூறு ரூபாய். முள் 40-50க்குள்ள இருக்கணும். நீல ஜெல் ரோஸ் கலரானா சூடு பண்ணிக் காய வச்சு திரும்பப் போடலாம். அரிசிப் பானைக்குள்ள புதைக்கிற வைத்தியம் வேண்டாம், தவிட்டுத் தூசிதான் மிச்சம். ஒன்றரை லட்சத்துக்கு கேமரா வித்தவர் இந்த டப்பா பத்தி ஒரு வார்த்தை சொன்னாரா?

மெகாபிக்சல் மோகம் தனி. 24 மெகாபிக்சல்னா 6000க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வச்சு நல்ல தரத்துல அச்சடிச்சா 20 அங்குலம் அகலம் வரும். உங்க வீட்டுச் சுவர்ல அப்படி எத்தனை படம் மாட்டியிருக்கீங்க? 4கே டிவிக்குத் தேவையே 8 மெகாபிக்சல் சொச்சம்தான். போன்ல பார்க்கிற படத்துக்கு 45 மெகாபிக்சல் எதுக்கு?

"அப்ப புது கேமராவே தப்பாடா? உள்ளயே ஆட்டம் தாங்குற வசதி எல்லாம் வந்திருக்கே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. வசதி நிஜம்தான். அரை இருட்டுல ஓடுற குழந்தைங்க, கல்யாண மண்டபம், பறவை இதெல்லாம் எடுக்கிறவருக்குப் பெரிய சென்சாரும் வேகமான ஃபோகஸும் உண்மையாவே உதவும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரோட பரப்பு சின்ன சென்சாரைவிட ரெண்டு மடங்குக்கும் மேல, இருட்டுல ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் கூடவே லாபம். ஆனா அருவியும் பாறையும் ட்ரைபாட்ல, ஐஎஸ்ஓ 100ல எடுக்கிற விஷயம். அங்க அந்த லாபம் வேலைக்கே வராது. ராத்திரி விளக்கு வெளிச்சத்துல தென்காசி கோயிலோட ஒன்பது நிலைக் கோபுரத்தை வெளியில நின்னு எடுக்கணுமா? கோபுரம் எங்கயும் ஓடாது. பத்து நொடி ஷட்டரைத் திறந்து வச்சாலும் அசையாம நிக்கும். சுந்தரபாண்டியபுரத்துல ஆடி மாசம் சூரியகாந்தி பூத்துக் கிடக்கா? 18-55 போதும், வரப்புல நின்னு எடுங்க, செடியை மிதிக்காதீங்க.

வாங்கித்தான் ஆகணும்னு கை அரிச்சா, என் வரிசை இது:

1. ஆடாத ட்ரைபாட்.
2. போலரைசர். ஈரப்பாறை, இலை மேல மினுங்குற கண்கூச்சத்தை எடுக்கும், பாசியோட பச்சை வெளியில வரும். ஒண்ணு ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் குறைக்கும், அதனால பல நேரம் என்.டி.யே தேவைப்படாது.
3. மேலே சொன்ன டப்பா.
4. 3 அல்லது 6 ஸ்டாப் என்.டி. ஃபில்டர்.
5. இன்னும் ஆசை தீரலைன்னா 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்.

பாடி? ஆறாவதா வரட்டும். அதுவும் "இந்தக் குறிப்பிட்ட படத்தை என் கேமராவால எடுக்க முடியலை, காரணம் இது"ன்னு ஒரே வரியில சொல்ல முடிஞ்சா மட்டும். பழசு வாங்கினாலும் தப்பில்லை. லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பூஞ்சை பாருங்க. வெள்ளைச் சுவரை எஃப்/16ல எடுத்து சென்சார் பாருங்க. அது போதும்.

விலையைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு பாக்கி. கையில விலை உசந்த கேமரா வந்ததும் "இன்னும் கொஞ்சம் கிட்ட"ங்கிற ஆசையும் வரும். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சிட்டுப் போய் இறந்தான். மலை மேல பெய்யுற மழை கீழ நிக்கிற நமக்குத் தெரியாது. தண்ணி நிறம் மாறுச்சா, போலீஸ் விசில் ஊதுச்சா, ட்ரைபாடைக்கூட விட்டுட்டு ஓடி வாங்க. வழுக்குப் பாறையில நின்னுதான் கிடைக்கும்னா அந்தப் படமே வேண்டாம்.

கடைசியா ஒரு வேலை குடுக்கிறேன். உங்க கிட்ட இருக்குறதுலயே மோசமான பத்து படத்தை எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் எக்ஸிஃபைத் திறந்து ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓவைப் பேப்பர்ல எழுதுங்க. பக்கத்துல காரணத்தை எழுதுங்க: ஆட்டம், வெளிச்சம், ஃபோகஸ், ஈரம், தூசி. பத்துல எத்தனைக்கு நேரா "கேமரா"ன்னு எழுத முடியுதுன்னு பாருங்க. அந்தப் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு அப்புறம் கடைக்குப் போங்க. விக்கிறவர் எதைச் சொன்னாலும் அதைக் காட்டி, "இதுல எந்த வரி சரியாகும்?"னு கேளுங்க.

டிஸ்கி: மேல சொன்ன எதுவும் குற்றாலத்துக் குரங்குக்குப் பொருந்தாது. பையோட ஜிப்பை எப்பவும் மூடியே வைங்க :)