இன்னொரு காவிரி

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழனுக்கு 'காவிரி' என்ற வார்த்தையை ஆபீஸில் சத்தமாகச் சொல்லக் கொஞ்சம் தயக்கம்தான் :-) நான் சொல்ல வந்தது இங்கே சி.வி.ராமன் நகரில் ஜி.டி.ஆர்.இ. உருவாக்கிய காவிரி எஞ்சின். 1989-ல் அனுமதி கிடைத்தது. 2001-ல் தேஜஸ் முதன்முதலாகப் பறந்தபோது இருந்ததோ அமெரிக்க எஞ்சின். 2008-ல் காவிரியைத் தேஜஸிலிருந்து பிரித்தே விட்டார்கள்.

"இத்தனை வருஷமாக என்னத்தைக் கிழித்தார்கள்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுபவனுக்கு வரவு, செலவு, பாக்கிதானே தெரியும்? கம்ப்ரஸர் பற்றிக் கொஞ்சம் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். காவிரியின் உயர் அழுத்தக் கம்ப்ரஸரில் 6 அடுக்குகள். சுழலும் பிளேடு வரிசையும் அசையாமல் நிற்கும் வரிசையும் மாறி மாறி வரும். நிற்கும் ஒவ்வொரு பிளேடின் பின்னாலும் காற்று தளர்ந்து வரும். சுழலும் பிளேடு அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு தட்டு வாங்கும். கணக்கு நமக்கு வருமே! ஒரு பேச்சுக்கு, நிற்பவை 40, நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் விநாடிக்கு 6,600-க்கு மேல் தட்டு. 25 நிமிடத்தில் ஒரு கோடி! பிளேடுக்கென்று இயல்பான ஓர் அதிர்வு உண்டு. தட்டு அதோடு ஒத்துப்போனால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளின மாதிரி ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். மயிரிழை விரிசல் விழும், பிளேடு உடையும், பின்னால் உள்ள அடுக்குகளும் நாசம்.

கரைகண்டவர்களுக்கும் இதே கதிதான். 2019-ல் ஸ்விஸ் நிறுவனத்தின் ஏ220 விமானங்களில், ஜூலை முதல் அக்டோபருக்குள் மூன்று முறை கம்ப்ரஸரின் முதல் அடுக்கு உடைந்து எஞ்சின் நின்றது. செய்தவர்கள் பிராட் அண்ட் விட்னி! 29,000 அடிக்கு மேல் எஞ்சின் வேகம் 94 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கனடா அரசு உத்தரவு போட்டது.

எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கலாம். எந்த வேகத்தில் எந்த பிளேடு அதிரும் என்ற அறிவை எவனும் விற்கமாட்டான். ஓட்டிப் பார்த்து, உடைத்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும். காவிரியை ஒரு விமானத்தில் மாட்டிப் பறக்கவைத்துப் பார்க்க 2010-ல் ரஷ்யாவுக்குத்தான் கொண்டுபோனோம்.

தாமதத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் கேட்போம். ஆனால் சோதனையில் உடைந்த பிளேடை வாராக்கடனில் எழுதாதீர்கள். அது முதலீடு. சோதனைக்கூடம் இல்லாததுதான் நஷ்டம்.