உழைப்பவனுக்கு உறுதியில்லாக் காணி

கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில், 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் வர்த்தகத் தேயிலைச் செய்கை அங்கிருந்தே ஆரம்பமானது. தமிழகத்திலிருந்து வந்த மக்களின் உழைப்பில் வளர்ந்த இத்தொழில் இன்றும் நாட்டுக்கு அந்நியச் செலாவணியை ஈட்டித் தருகின்றது. ஆனால், அம்மக்களின் சந்ததியினரில் பெரும்பாலானோருக்குத் தாம் வாழும் லயன் அறைக்குக்கூடக் காணி உறுதி கிடையாது.

தோட்டத் தொழிலாளரின் பிரச்சினை என்றதும் சம்பளமே பேசப்படுகின்றது. 2021இல் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம், 2024இல் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் மேலும் உயர்வு முன்மொழியப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. எனினும், சம்பள உயர்வை விலைவாசி விழுங்கிவிடும். சொந்தக் காணியை விழுங்க முடியாது.

2025 நவம்பரில் வீசிய 'டித்வா' சூறாவளி மலையகத்தைச் சிதைத்தபோது இந்த உண்மை மீண்டும் உணரப்பட்டது. உறுதி உள்ளவர் இழந்த வீட்டைத் தமது காணியில் மீளக் கட்ட உரிமை கோரலாம். லயனை இழந்தவரோ நிர்வாகத்தின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியுள்ளது.

காணியைப் பகிர்ந்தால் உற்பத்தி வீழ்ந்துவிடும் என்ற வாதம் ஏற்புடையதன்று. இலங்கைத் தேயிலையின் பெரும்பங்கு இன்று சிற்றுடைமையாளரின் தோட்டங்களிலிருந்தே கிடைக்கின்றது. தேயிலைக்குப் புகழ்பெற்ற சீனாவின் அன்சி மாவட்டத்திலும், பொதுவுடைமையான நிலத்தின் பயிர்ச்செய்கை உரிமை விவசாயக் குடும்பங்களிடமே உள்ளது.

1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. எனினும், கண்டி மாவட்டத்தின் பல தோட்டங்கள் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் கீழேயே தொடர்ந்தன. அங்கு நிலமும் அரசாங்கத்துடையது, நிர்வாகமும் அரசாங்கத்துடையது. கம்பனிகள் மீது பழிபோட இடமில்லை.

இது தொழிலாளர் குடும்பங்களை மட்டும் சார்ந்த விடயமுமல்ல. தெல்தோட்டை, கம்பளை போன்ற நகரங்களின் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களின் கல்லாப்பெட்டியும் தோட்டச் சம்பள நாளையே நம்பியுள்ளது. தோட்டம் தளர்ந்தால் நகரமும் தளரும்.

வீட்டுக்கும் சிறு பயிர்ச்செய்கைக்கும் போதுமான காணியை, சட்டபூர்வ உறுதியுடன், முதலில் அரச தோட்டங்களில் வழங்கி அரசாங்கம் முன்னுதாரணமாக வேண்டும். தேயிலை தொடங்கிய கண்டி மண்ணிலேயே இந்த நியாயமும் தொடங்கட்டும்.