இரண்டாவது ஒப்பம்

1930-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் கூடிய முதல் வட்டமேஜை மகாநாட்டில், இந்தியப் பெண்களின் பிரதிநிதிகளாக அமர்ந்திருந்த இருவரில் ஒருவர், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து மருமகளான ராதாபாய் சுப்பராயன். சட்டசபைகளில் பெண்களுக்குத் தனி ஸ்தானங்கள் வேண்டும் என்று அவர் வாதாடினார். சலுகை வேண்டாம், சம உரிமை ஒன்றே போதும் என்று அக்காலத்து மாதர் சங்கங்களே மறுத்து நின்றபோதும், ஏட்டில் எழுதிய சமத்துவம் தானாக எவரையும் சபைக்குள் அழைத்துச் சென்று அமர்த்திவிடாது என்பதே அவர் கட்சி. சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு அளிக்கும் திருத்தம் 2023-இல்தான் நிறைவேறியது.

ஒதுக்கீட்டினால் பயனுண்டா என்ற அவ்விவாதத்தை மேடைப் பேச்சிலிருந்து மீட்டுப் பரீட்சைக்கு உட்படுத்தியவை பல்கலைக்கழகங்களே. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானத்திலும் ஊராட்சிகளை ஆராய்ந்த ராகபேந்திர சட்டோபாத்யாயரும் எஸ்தர் டூஃப்லோவும், தலைமை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில், குடிநீரைப் போன்று பெண்கள் வேண்டிய காரியங்களுக்குப் பணம் கூடுதலாகச் சென்றதை 2004-இல் நிறுவினர். சட்டமன்ற ஒதுக்கீட்டை மாநிலவாரியாக ஆராய்ந்து 2011-இல் கட்டுரை வெளியிட்ட ஏமி சின்னும் நிஷித் பிரகாஷும், பழங்குடியினருக்கான இடங்கள் வறுமையைக் குறைத்ததாகவும், பட்டியல் சாதியினருக்கான இடங்களில் அவ்விளைவு புலப்படவில்லை என்றும் கண்டனர்.

இம்முடிவு நமக்குத் தொலைவான செய்தியன்று. தமிழகச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கென்று உள்ளவை இரண்டே. ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய அவ்விரண்டும் நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களில்தான் இருக்கின்றன. ஆத்தூர், கெங்கவல்லி, இராசிபுரம் ஆகிய மூன்றும் பட்டியல் சாதியினருக்கு உரியவை. ஒரே சீமையில், ஒரு பகற்பொழுதுப் பஸ் பிரயாணத்துக்குள், அவ்வாராய்ச்சி எழுப்பிய கேள்வியின் இரு பாதிகளும் அருகருகே கிடக்கின்றன.

இராசிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கிராம சபையில் நான் கண்ட காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தலைவரின் நாற்காலியில் ஒரு பெண். தீர்மானங்களைப் படித்தவர் அவர் கணவர். "ஏனுங்க, எங்க தெருவுக்குத் தண்ணி எப்பங்க வரும்?" என்று எழுந்து கேட்ட மூதாட்டியும், நாற்காலியைப் பாராமல் அந்தக் கணவரையே பார்த்துக் கேட்டாள். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரோடு துணைத்தலைவரும் ஒப்பமிட வேண்டும் என்ற முறையினால், தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து தேர்வானவர் முதல் ஒப்பத்தை இட்டுவிட்டு இரண்டாவது ஒப்பத்துக்காக மாதக்கணக்கில் நடந்த கதைகளும் தமிழகத்தில் உண்டு. ஒதுக்கிய ஸ்தானங்கள் எத்தனை என்பதை அரசிதழ் சொல்லும். அங்கே அமர்ந்தவரின் கையைப் பிடித்து நிறுத்தியது எது என்பதை, தீர்மானப் புத்தகத்தையும் செலவுக் கணக்கையும் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஊராரோடு அமர்ந்து கேட்பவரே சொல்ல முடியும்.

சேலத்தில் 1997-இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்களிடம் நான் வேண்டுவது இதுவே. ராதாபாய் கேட்ட ஸ்தானம் ஊராட்சியளவில் கிடைத்துவிட்டது. 2016-இல் தமிழகம் பெண்களின் பங்கைச் சரிபாதியாகவும் உயர்த்தியது. அந்த ஸ்தானத்துக்கு அதிகாரமும் வந்து சேர்ந்ததா என்பதை ஊர் ஊராகக் கணக்கெடுத்து, எவர் முகமும் கோணுமே என்று தயங்காமல், தமிழிலேயே எழுதி, அந்த ஊர்ச் சபையிலேயே படித்துக் காட்டுங்கள்.