வரைபடத்தைப் படிக்க வேண்டுமானால் ஒன்றையாவது வரைந்திருக்க வேண்டும்

நிலவியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஓர் ஊரின் பாறையைக் கேட்டால் இன்று கைபேசியைத்தான் எடுக்கிறார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் 1:50,000 அளவு வரைபடங்கள் கிடைக்கின்றன. நல்ல வசதிதான். ஆனால், வெயிலில் நடந்து தன் கையால் ஒரு வரைபடமாவது வரைந்தவருக்கே அதைப் படிக்க வரும் என்பது என் கட்சி.

சுத்தியல், பிரண்டன் காம்பஸ், டோப்போஷீட், பென்சில். இவ்வளவுதான் சாமான். பாறை தெரியும் இடத்தில் நின்று ஸ்ட்ரைக், டிப் இரண்டையும் அளக்க வேண்டும். ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். முகடு ஓடும் திசை ஸ்ட்ரைக். மழைத்தண்ணீர் வழியும் பக்கமும் சரிவின் கோணமும் டிப்.

பிறகுதான் சிக்கல். பெரும்பாலான இடங்களில் பாறையை மண்ணும் வயலும் ஊரும் மூடியிருக்கும். இரண்டு பாறைகளும் சந்திக்கும் எல்லையைக் கண்ணால் பார்த்த இடத்தில் தொடர்கோடு போடுவோம். ஊகித்த இடத்தில் விட்டுவிட்டுக் கோடு போடுவோம். இந்த வேறுபாட்டில்தான் வரைபடத்தின் நேர்மை இருக்கிறது. நடந்து வரைந்தவருக்கு அது மறக்காது.

ஹென்றி பிளான்போர்ட் 1862இல் வெளியிட்ட ஆய்வில் திருச்சி, தென்னார்க்காடு பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். செயற்கைக்கோளும் விமானப் படமும் இல்லாத காலம். அந்தப் பெயர்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன.

திரையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 1:50,000 அளவில் அரை மில்லிமீட்டர் பென்சில் கோடு தரையில் 25 மீட்டர். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அந்த 25 மீட்டர் குறையாது. ஆனால் திரையில் கோடு நம் வீட்டுக் கொல்லை வழியாகவே துல்லியமாக ஓடுவதுபோல் தெரியும். அதை நம்பி ஆழ்துளைக் கிணறு போட்டால் பணம் நம்முடையது.

ஆகவே கல்லூரிகள் களப் பயிற்சி நாட்களைக் குறைக்கக் கூடாது. ஒவ்வொரு மாணவரும் ஒரு டோப்போஷீட்டின் சிறு பகுதியையாவது நடந்து வரைந்த பிறகே கணினிக்குப் போகட்டும். நீங்களும், உங்கள் நிலத்துக்கு யாராவது வரைபடம் காட்டினால் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன அளவில் வரைந்தது? இந்தக் கோடு பார்த்துப் போட்டதா, ஊகித்துப் போட்டதா?