வாடகை மேடையும் சொந்தப் பாட்டும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

'ராக்' இசை என்றதும் நம் நண்பர்கள் பலருக்கு நீண்ட தலைமுடியும், புரியாத ஆங்கிலமும், காதைப் பிளக்கும் ஓசையுமே நினைவுக்கு வருகின்றன. அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது சென்னையில் தோன்றிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு.

2018 ஜனவரி 6. மார்கழி இன்னும் முடியவில்லை. நகரத்துச் சபாக்களில் சங்கீத விழா நடக்கும் பருவம். அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் இக்குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. கட்டணம் கிடையாது. அப்போது நான் பள்ளிச் சிறுவன். பல ஆண்டுகள் கழித்து விடுதி நண்பன் ஒருவனின் கைப்பேசியில்தான் அதைக் கண்டேன். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் டென்மாவின் 'மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்' அமைப்பும் இணைந்து, 2017-இல் கலைஞர்களைத் தேடித் தேர்ந்து 19 பேரை ஒன்றாக்கின. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சொற்களிலிருந்து குழுவின் பெயர் பிறந்தது.

அந்த மேடையில் மின்கிதாரும் டிரம்ஸும் இருந்தன. அவற்றோடு பறையும், சட்டியும், கட்டமோளமும் இருந்தன. இயற்பியல் மாணவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காந்தத்திற்கு மேலே அதிரும் எஃகுக் கம்பி, சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதுவே கிதார் ஒலி. பறையையோ நெருப்பில் காட்டுகிறார்கள். தோல் உலர்ந்து இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. ஒன்று ஃபாரடேயின் விதி, மற்றொன்று என் தாத்தாவுக்குத் தெரிந்த விதி. என் தாத்தா பறையடித்தவர். அந்தக் கருவியை எங்கள் வீட்டில் யாரும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. அது கிதாருக்கு இணையாக, அதே வெளிச்சத்தில் நின்றதைப் பார்த்தபோது பக்கத்தில் இருந்த நண்பனிடம் எனக்குப் பேச்சு வரவில்லை.

'இது ராக் ஆகுமா? கானாவும் ராப்பும் கலந்த கதம்பமல்லவா?' என்று இசையறிந்த நண்பர் ஒருவர் கேட்டார். ராக் எங்கிருந்து வந்தது என்று அவரைத் திருப்பிக் கேட்டேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டிலிருந்துதானே வந்தது! 'ஹவுண்ட் டாக்' என்ற பாடலை 1952-இல் முதலில் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண்மணி. உலகம் அறிந்ததோ 1956-இல் எல்விஸ் பிரெஸ்லி பாடிய பிறகுதான். நம் கானாவுக்கும் ஏறக்குறைய அதே கதை. வடசென்னையில் சாவு வீட்டிலும் தெருமுனையிலும் பாடப்பட்ட அந்தப் பாட்டு, 1990-களில் தேவாவின் திரையிசை வழியாகத் தமிழகம் முழுவதும் பரவியது. பாட்டு பரவிய அளவுக்கு அதைப் பாடிவந்தவர்கள் பெயர் பரவவில்லை. இக்குழுவில் கானா பாடியவர்கள் தங்கள் பெயரோடு பாடினார்கள். ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடிய இசைவாணி, 2020-இல் பி.பி.சி.யின் உலகின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

இன்னொரு குற்றச்சாட்டுத்தான் எனக்குக் கடினமாக இருக்கிறது. 'பின்னால் ஒரு சினிமா இயக்குநர் நிற்கும்போது இவர்கள் எப்படிச் சுயேச்சையான குழு ஆவார்கள்?' என்கிறார்கள். கேள்வி நியாயமானது. ரஞ்சித் என்ற பெயர் இல்லாமல் அந்த மைதானம் அவ்வளவு நிரம்பியிருக்காது. பத்திரிகைகளும் அவ்வளவு எழுதியிருக்க மாட்டா. ஆனால் தந்தை வாங்கித் தந்த கிதாரும், வீட்டு மாடியில் ஒத்திகை பார்க்க ஓர் அறையும் உள்ள பிள்ளைகளின் குழுவை இதே கேள்வி கேட்பதில்லையே, ஏன்? ஊன்றுகோல் அங்கும் உண்டு. வீட்டுக்குள் இருப்பதால் வெளியே தெரிவதில்லை. பணம் யாருடையது என்பதோடு, சொல் யாருடையது என்றும் கேட்க வேண்டும். இவர்கள் பாடியது இட ஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டிறைச்சியைப் பற்றி, அம்பேத்கரைப் பற்றி. விற்பனையை மட்டும் எண்ணும் ஒருவர் இந்தத் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கத் துணியமாட்டார்.

ஆயினும் பணத்தைப் பற்றிய கவலை தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இக்குழுவில் பாடிய அறிவு எழுதி, தீயுடன் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021-இல் உலகெங்கும் ஒலித்தது. 2024-இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தங்களுக்கு வருமானமே வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு புகழ் பெற்ற பாட்டுக்கே இந்த நிலை என்றால், புதிதாக எழுத வருகிறவன் பேனாவோடு கணக்குப் புத்தகத்தையும் கையில் வைத்திருக்க வேண்டியதுதான்.

இட ஒதுக்கீட்டுப் பாட்டை எங்கள் விடுதியில் பலமுறை கேட்டிருக்கிறோம். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நின்றவர்கள் எங்களில் பலர். 'உனக்கென்ன, கோட்டாவில் சீட் கிடைத்துவிட்டது' என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒருமுறையாவது கேட்டிருக்கிறோம். கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து மழுப்பினோம். அந்தப் பதிலைத் தாளத்தோடு ஒருவர் பாடக் கேட்டது எங்களுக்குப் புதிது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சென்ற கல்லூரி நாள் விழாவில் இரண்டரை மணி நேரம் வாடகை ஆர்கெஸ்ட்ரா நடந்தது. நன்றாகவே வாசித்தார்கள், நானும் ஆடினேன், மறைக்க மாட்டேன். ஆனால் அத்தனையும் சினிமாப் பாட்டு. நம் மாணவர் நால்வர், விடுதி உணவைப் பற்றியும் கடைசிப் பேருந்தைப் பற்றியும் தாமே எழுதிய இரண்டு பாடல்களுக்குப் பத்து நிமிடம் கேட்டிருந்தனர். தெரியாத பாட்டென்றால் கூட்டம் எழுந்து போய்விடும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். கீழ்ப்பாக்கத்தில் அன்று பாடியவையும் அதுவரை யாருக்கும் தெரியாத பாடல்கள்தாம். கூட்டம் எழுந்து போகவில்லை.

விழாக் குழுப் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆர்கெஸ்ட்ராவை நிறுத்தச் சொல்லவில்லை. வரும் ஆண்டில் அது தொடங்குவதற்கு முன் இருபது நிமிடம் தாருங்கள். ஒலிபெருக்கி எப்படியும் அங்கேயே இருக்கும். கிதாருக்கு நண்பர்கள் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டனர். பறை என் தாத்தாவுடையது. காய்ச்சுவதற்கு வேண்டிய வைக்கோலையும் ஊரிலிருந்து நானே கொண்டுவந்து விடுகிறேன்.