சேதுபதி: ஒரு காவலின் பெயர்

அரசர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டங்களில் பெரும்பாலானவை பெருமை பேசுவன. மகாராஜா என்றால் பெரிய அரசன். அதுவும் போதாமற் போனபோது, குப்தர்கள் தம்மை மகாராஜாதிராஜன் என்று அழைத்துக்கொண்டார்கள். பிற்காலச் சோழரும் பாண்டியரும் திரிபுவன சக்கரவர்த்தி என்று மூன்று உலகத்தையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள்.

இவற்றின் நடுவே ஒரு பட்டம் மாத்திரம் வேறாக நிற்கிறது. அது சேதுபதி என்பது. இராமநாதபுரத்தை ஆண்ட மறவர் குல அரசர்களின் பட்டம் இது. அரசன் எவ்வளவு பெரியவன் என்று இது சொல்லவில்லை. அவன் எதைக் காக்க வேண்டியவன் என்றே சொல்கிறது. இலங்கையிலிருந்து வந்தவர்களாகிய எமக்கு அந்தச் சேது தூரத்துப் பெயர் அன்று. தலைமன்னாருக்கு எதிர்க்கரையில் இருப்பது அதுவே. ஆகையால் இம்முறை இந்தப் பட்டத்தின் கதையை எடுத்துக்கொள்கிறோம்.

சேது என்றால் அணை, பாலம். இராமன் கட்டியதாகச் சொல்லப்படும் அணையையும், அதையொட்டிய இராமேஸ்வரம், தனுஷ்கோடி ஆகிய தீர்த்தங்களையும் அச்சொல் குறிக்கும். காசிக்குப் போனவர் சேதுவில் நீராடினால்தான் யாத்திரை நிறைவுறும் என்பது பழைய நம்பிக்கை. வடக்கே வெகு தொலைவிலிருந்தும் மக்கள் இங்கே நடந்து வந்தார்கள். ஆனால் வழி நெடுகக் காடும் கள்வர் பயமும் இருந்தன.

1605ஆம் ஆண்டளவில் மதுரை நாயக்கரான முத்துக்கிருஷ்ணப்பர், சடைக்கத் தேவர் என்பவரைச் சேதுபதியாக ஏற்று முடிசூட்டினார். யாத்திரிகரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்குக் கிடைத்த பரிசு அது என்பது செவிவழி மரபு. தம் முன்னோர் அதற்கும் மிக முந்திய காலத்திலிருந்தே சேதுவைக் காத்து வந்தவர்கள் என்று அக்குடும்பத்தின் குலவரலாறு கூறும். எப்படியாயினும் வழியைக் காப்பது முதலில் வந்தது; முடி பின்னர் வந்தது.

இங்கே எமது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே கடலின் இக்கரையில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளும் சேதுகாவலர் எனப்பட்டார்கள். அவர்களின் காசுகளில் படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழே 'சேது' என்ற தமிழ்ச் சொல்லும் இருக்கும். இக்காசுகள் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று தொடக்கத்தில் எண்ணியவர்களும் உண்டு. அவை யாழ்ப்பாண அரசர்களுடையவை என்பது பின்னர் தெளிவாயிற்று. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியதோடு இக்கரையின் சேதுகாவலர் மறைந்தார்கள். அக்கரையின் சேதுபதி அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்தார்.

சேதுபதிகளில் புகழ் பெற்றவர் கிழவன் சேதுபதி எனப்படும் இரகுநாத சேதுபதி. 1710 வரை ஆண்டவர். போகலூரிலிருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றியவரும், மதுரை நாயக்கரின் மேலாட்சியை உதறியவரும் அவரே. கிறிஸ்தவக் குருவான ஜோன் டி பிரிட்டோ அடிகள் 1693இல் ஓரியூரில் வெட்டிக் கொல்லப்பட்டதும் அவர் ஆட்சியிலேதான். அவருக்குப் பின் வாரிசுச் சண்டை மூண்டு நாடு பிரிந்தது. ஐந்து பங்கில் மூன்று இராமநாதபுரமாகவும் இரண்டு சிவகங்கையாகவும் ஆயின. சிவகங்கை தனி அரசானது; சேதுபதி என்ற பட்டமோ இராமநாதபுரத்தோடேயே நின்றது.

பட்டம் சொன்ன வேலையை அவர்கள் எப்படிச் செய்தார்கள்? யாத்திரிகர் தங்கி உண்ணச் சத்திரங்கள் கட்டினார்கள். அவற்றுக்கும் கோயில்களுக்கும் ஊர்களை மானியமாக விட்டார்கள். இராமேஸ்வரம் கோயிலின் நீண்ட மூன்றாம் பிராகாரம் 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதியின் காலத்தில் நிறைவேறியது. அந்தப் பிராகாரத்தில் ஒருமுறை நடந்தவர்களுக்கு அதன் நீளத்தை நாம் சொல்லத் தேவையில்லை.

அந்த முத்துராமலிங்க சேதுபதியே ஆட்சி உரிமையோடு இருந்த கடைசிச் சேதுபதி. 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரைப் பதவி நீக்கிச் சிறை வைத்தார்கள். 1809இல் சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. கம்பெனியார் நாட்டை ஜமீனாக்கி, 1803இல் அவருடைய சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாரிடம் கொடுத்தார்கள். படை போயிற்று, நீதி சொல்லும் உரிமை போயிற்று. வரி திரட்டிக் கட்டும் பொறுப்பும் பழைய பட்டமுமே மிஞ்சின. அடுத்த வாரிசு யார் என்பதைக்கூட அவர்கள் தாமே தீர்க்க முடியவில்லை. கணவனை இழந்த ராணி ஒருவர் உறவினர் சம்மதத்தோடு மகனைத் தத்தெடுத்தது செல்லுமா என்ற வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய், 1868இல் செல்லும் என்று முடிந்தது. இந்துச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் அதை இராமநாதபுரம் வழக்கு என்று படிக்கிறார்கள்.

அதிகாரம் போன பின்னர் பட்டத்துக்கு மதிப்பளித்தது தமிழ்த் தொண்டு. தத்தெடுக்கப்பட்ட சேதுபதியின் தமையனார் பொன்னுச்சாமித் தேவர், எங்கள் நல்லூர் ஆறுமுக நாவலர் திருக்குறள் பரிமேலழகர் உரையையும் திருக்கோவையாரையும் அச்சிடத் துணை நின்றார். பொன்னுச்சாமித் தேவரின் மகன் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். சுவாமி விவேகானந்தர் 1893இல் சிக்காகோ செல்ல ஊக்கம் தந்தவர்களில் பாஸ்கர சேதுபதியும் ஒருவர். 1897 சனவரியில் சுவாமிகள் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் வழியே பாம்பனில் வந்திறங்கியபோது சேதுபதியே எதிர்கொண்டார். குதிரைகளை அவிழ்த்துவிட்டு, வண்டியை மக்களோடு சேர்ந்து அவரும் இழுத்தார்.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிமையாக இருக்கும். ஆனால் அதே 1897இல் கமுதியில் நாடார் மக்கள் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தபோது, கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் அவர்கள் மீது வழக்குத் தொடுத்தவரும் பாஸ்கர சேதுபதியே. அவ்வழக்கும் பிரிவிக் கவுன்சில் வரை போயிற்று. 1908இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. காசியிலிருந்து வந்த அந்நியருக்கு வழிவிட்ட பட்டம், பக்கத்துத் தெருக்காரருக்குக் கதவை அடைத்தது. காவல் என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. வருபவரைக் காப்பதும் காவல். வரவிடாமல் தடுப்பதும் காவல். எல்லைகளில் இரண்டையும் பார்த்தவர்கள் நாம்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் ஜமீன்கள் ஒழிந்தன. இராமநாதபுரம் ஜமீனும் அவற்றோடு போயிற்று. ஆட்சி போயும் பட்டம் அக்குடும்பத்தினரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கிழவன் சேதுபதி கட்டிய இராமலிங்க விலாசம் அரண்மனை இன்று அருங்காட்சியகம்.

சேதுவின் வழியோ சேதுபதிகளுக்குப் பின்னும் ஓயவில்லை. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரைத் தடுத்து வைத்துப் பரிசோதித்த மண்டபம் முகாம், 1983க்குப் பின் படகேறிச் சென்ற எம்மவரின் அகதி முகாமாயிற்று. அது நிற்பதும் பழைய சேதுபதி சீமையிலேதான். அக்கரையில் வந்திறங்கியவர்களுக்கு முதலில் தேவைப்பட்டவை தங்க ஓர் இடமும் உண்ண ஒரு பிடி சோறும். பழைய சத்திரங்கள் கொடுத்தவையும் அவையே.

புதிய நாட்டில் எமது பிள்ளைகள் பாடசாலையில் அந்நாட்டு அரசர்களின் பட்டங்களைப் படிக்கிறார்கள். எங்களிடம் என்ன இருந்தது என்று கேட்டால், மகாராஜாக்களின் யானையையும் வைரத்தையும் மட்டும் சொல்லாதீர்கள். வழிப்போக்கரைக் காப்பதையே தன் பெயராக வைத்திருந்த ஓர் அரசு இருந்தது என்று சொல்லுங்கள். அந்தப் பெயருக்கு அது எப்போது உண்மையாக இருந்தது, எப்போது தவறியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டில் அப்பம்மா, அம்மப்பா யாராவது தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போய் வந்திருந்தால், அந்தப் பயணத்தை அவர்கள் வாயாலேயே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எமக்கும் அனுப்புங்கள், இப்பகுதியில் இடம் உண்டு.